சைக்கிளில் கால்விரல் மரத்துப்போகிறதா? ஸ்பேனரைக் கீழே வையுங்கள்

கேள்வி சுருக்கமாக இது: “வயது நாற்பத்தைந்து. ஆறு மாதமாகக் கிளீட் (ஷூவைப் பெடலோடு பூட்டும் அடித்துண்டு) பொருத்திய ஷூ போட்டு ஓட்டுகிறேன். 25 கிலோமீட்டர் தாண்டியதும் வலது கால்விரல்கள் மரத்துப்போகின்றன. 50 கிலோமீட்டருக்கு மேல் போனால் இடது காலும் சேர்ந்துகொள்கிறது. நிறுத்தி ஷூவைக் கழற்றினால் பத்து நிமிடத்தில் சரியாகிறது. கிளீட்டை மூன்று முறை நகர்த்தினேன், இருக்கையை ஏற்றி இறக்கினேன், நல்ல இன்சோலும் (ஷூவுக்குள் பாதத்தின் அடியில் போடும் தட்டு) வாங்கினேன். பலனில்லை. வீட்டில் ட்ரெய்னரில் (சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் தாங்கி) ஓட்டினால் இன்னும் சீக்கிரம் வருகிறது. இது நரம்பு நோயா?”

உங்கள் கேள்விக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது. சைக்கிளை விட்டு இறங்கினால் சரியாகிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஷூவைக் கழற்றினால் சரியாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஆறு மாதமாக நீங்கள் கைவைத்ததெல்லாம் கிளீட்டிலும் இருக்கையிலும் இன்சோலிலும்தான். ஷூ உங்கள் காலுக்கு அளவானதுதானா என்று ஒருமுறைகூடப் பார்த்ததாகத் தெரியவில்லை. திருடன் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது தோட்டத்தில் தேடிய கதைதான். வருந்த வேண்டாம், நானும் அதே தோட்டத்தில் மூன்று மாதம் தேடியவன்.

நோயா என்ற பயத்தை முதலில் இறக்கி வைக்கிறேன். ஓட்டும்போது மட்டும் வருகிறது, அழுத்தம் நீங்கியதும் சில நிமிடங்களில் போய்விடுகிறது, மற்ற நேரங்களில் கால் இயல்பாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் அது நோயல்ல. நரம்பு நசுங்குகிறது, அவ்வளவுதான். இந்த ஆறுதல் யாருக்குப் பொருந்தாது என்பதைப் பின்னால் சொல்கிறேன். அந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

பாதத்தின் நடுவிலிருந்து விரல்களை நோக்கி ஐந்து நீண்ட எலும்புகள் விசிறிபோல விரிகின்றன. ஒவ்வொன்றின் முனையிலும் உருண்டையான தலை ஒன்று உண்டு. பெருவிரலுக்குப் பின்னால் உள்ளங்காலில் கட்டைவிரலால் அழுத்தினால் கடினமாகத் தட்டுப்படுகிறதே, அது முதல் எலும்பின் தலை. பெடலை மிதிக்கும்போது சுமையின் பெரும்பகுதி இறங்குவது இந்த ஐந்து தலைகளின் மேல்தான். விரல்களுக்கு உணர்வைக் கொண்டுபோகும் நரம்புகள் இந்தத் தலைகளுக்கு இடையில் இருக்கும் சந்துகள் வழியாகத்தான் போயாக வேண்டும். தலைகளை ஒன்றோடொன்று கட்டிப்பிடித்திருக்கும் ஒரு நார்ப்பட்டை அந்த நரம்புகளுக்கு மேலே குறுக்காக ஓடுகிறது. ஷூ பக்கவாட்டில் நெருக்கினால் சந்து குறுகும். பெடல் கீழிருந்து தள்ளினால் நரம்பு நார்ப்பட்டையோடு சேர்ந்து அழுந்தும். கூடவே ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்களுக்கும் அதே கதிதான்.

நடக்கும்போதும் இதே எலும்புகள் சுமை தாங்குகின்றன, ஆனால் விரல் மரப்பதில்லை. காரணம், நடையில் சுமை குதிகாலில் இறங்கி முன்பாதத்துக்கு உருண்டு போகிறது, பிறகு கால் தரையை விட்டு முழுதாக எழுகிறது. நசுங்கிய இடத்துக்கு ஒவ்வோர் அடியிலும் ஒரு மூச்சு கிடைக்கிறது. கிளீட் மாட்டிய கால் ஓரிடத்தில் பூட்டப்பட்டது. நிமிடத்துக்கு 85 சுற்று மிதித்தால் மணிக்கு 5,100 மிதி, அத்தனையும் அதே இடத்தில். உங்களுக்கு 25 கிலோமீட்டரில் தொடங்குகிறது என்றால் ஏறக்குறைய ஒரு மணி நேரக் கணக்கு. அந்த ஒரு மணி நேரத்துக்குள் இன்னொன்றும் நடந்துவிடுகிறது, கால் வீங்குகிறது. உழைப்பாலும் வெப்பத்தாலும் எல்லோருடைய பாதமும் கொஞ்சம் பருக்கும். புறப்படும்போது கச்சிதமாக இருந்த ஷூ ஒரு மணி நேரத்துக்குப் பிறகு இறுக்கமான ஷூ. அதனால்தான் முதல் பத்துக் கிலோமீட்டரில் எதுவும் தெரிவதில்லை.

அடுத்து, எந்த விரல்? ‘விரல்கள்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டீர்கள். அடுத்த முறை மரக்கத் தொடங்கியதும் எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்று கவனியுங்கள். பெருவிரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் நடுவிலுள்ள இடுக்கு மட்டும் மரக்கிறது என்றால் பிரச்சினை உள்ளங்காலில் இல்லை, மேற்பாதத்தில் இருக்கிறது. அந்த இடுக்குக்கு உணர்வு தரும் நரம்பு புறங்காலின் மேல் எலும்பை ஒட்டியபடி வருகிறது. ஷூவின் பட்டையோ நாடாவோ அங்கே இறுகினால் இடுக்கு மரக்கும். சுண்டுவிரலும் அதன் பக்கத்து விரலும் மட்டும் என்றால் ஷூவின் வெளிப்பக்கச் சுவர் இடிக்கிறது, அல்லது மிதிக்கும்போது பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து சுமை முழுவதையும் ஓரத்தில் இறக்குகிறது. மூன்றாம் விரலும் நான்காம் விரலும், கூடவே எரிச்சல், ஷூவுக்குள் ஒரு கூழாங்கல் கிடப்பது போன்ற உணர்வு என்றால் அந்தச் சந்தில் உள்ள நரம்பைச் சுற்றியிருக்கும் திசு தடித்துவருகிறதோ என்று சந்தேகிக்கலாம். இதை மார்ட்டன் நியூரோமா என்பார்கள். இத்தாலிய உடற்கூற்று அறிஞர் சிவினினி 1835-லேயே இந்தத் தடிப்பை விவரித்திருந்தார். ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது 1876-ல் எழுதிய அமெரிக்க அறுவை மருத்துவர் தாமஸ் மார்ட்டனுக்கு. ‘நியூரோமா’ என்ற சொல்லைக் கேட்டுக் கட்டி என்று அஞ்ச வேண்டாம். அது நரம்பைச் சுற்றிய வெறும் தழும்புத் தடிப்பு, புற்றுநோயோடு தொடர்பில்லாதது. ஐந்து விரல்களும் ஒட்டுமொத்தமாக மரக்கின்றனவா, அப்படியானால் ஷூவின் முன்பகுதி முழுவதுமே குறுகல்.

என் கதையைச் சொல்கிறேன். என் முதல் கிளீட் ஷூவை விற்றவர், “பந்தய ஷூ தோல்மாதிரி ஒட்ட வேண்டும்” என்றார். ஒட்டியது. முதல் நீண்ட ஓட்டத்திலேயே விரல்கள் மரத்தன. ஷூவின் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை, ஏனென்றால் அது நல்ல ஷூ! இருக்கையை இரண்டு மில்லிமீட்டர் இறக்கினேன், மூன்று மில்லிமீட்டர் ஏற்றினேன், கிளீட்டைத் திருப்பினேன், குறிப்பேடு ஒன்று போட்டு எல்லாவற்றையும் எழுதியும் வைத்தேன். மூன்றாம் மாதம் 200 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று. 130-ஆவது கிலோமீட்டரில் பொறுக்க முடியாமல் ஷூவின் பட்டைகள் அத்தனையையும் அவிழ்த்துவிட்டு, காலோடு ஷூ தொங்குகிற கோலத்தில் ஓட்டினேன். பத்து நிமிடத்தில் விரல்கள் ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டன. எறும்பு ஊர்வதுபோலத் தொடங்கி, பிறகு சுருக்கென்று குத்தி, பிறகு சாதாரண விரலாயின. சுண்டுவிரல் மட்டும் எழவில்லை. அது முழு உணர்வுக்குத் திரும்ப மூன்று வாரம் ஆயிற்று. பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் போன்ற 1,200 கிலோமீட்டர் ஓட்டங்களை முடித்தவர்கள் இப்படி வாரக்கணக்கில் மரத்த விரல்களோடு திரிவது சாதாரணம். நசுங்கிய நரம்பு பெரும்பாலும் மீண்டுவிடும். ஆனால் அது மெதுவான பிறவி. ‘பழகிவிடும்’ என்று விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இப்போது ஷூவைச் சோதிப்போம். மாலை நேரத்தில், முடிந்தால் ஓட்டி முடித்து வந்தவுடன், ஒரு தாளின் மேல் வெறுங்காலோடு முழு எடையையும் வைத்து நில்லுங்கள். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரையச் சொல்லுங்கள். நீங்களே குனிந்து வரைந்தால் எடை மாறி அளவு பிசகும். இரண்டு காலையும் வரைய வேண்டும். பிறகு ஷூவிலிருந்து இன்சோலை உருவி அந்தப் படத்தின் மேல் வையுங்கள். பென்சில் கோடு இன்சோலின் ஓரத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் எட்டிப் பார்க்கிறதா? அப்படியானால் உங்கள் எலும்புகள் ஷூவின் சுவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன. நீளத்தில் மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சுண்டுவிரல் அகலம் இடம் வேண்டும். மிக நீளமானது எப்போதும் பெருவிரல்தான் என்று நினைக்க வேண்டாம், பலருக்கு இரண்டாம் விரல்தான் நீளம்.

வலது கால் முதலில் மரப்பதற்கும் இந்தத் தாளில் விடை கிடைக்கலாம். பெரும்பாலானோருக்கு ஒரு பாதம் மற்றதைவிடக் கொஞ்சம் பெரியது. ஷூவைப் போட்டுப் பார்க்கும்போது முதலில் நுழைத்த காலை வைத்து முடிவு செய்துவிடுகிறோம். பெரிய காலுக்கு ஷூ வாங்கி, சின்னக் காலுக்கு இன்சோலோ சற்றுத் தடித்த சாக்ஸோ போட்டுச் சரிக்கட்டுவதுதான் முறை. செருப்புக்காகக் காலை வெட்ட முடியாது.

நீளம் சரி, அகலம்தான் போதவில்லை என்றால் அளவை ஒன்று கூட்டி வாங்குவது அரைத் தீர்வு. விரல்களுக்கு இடம் கிடைக்கும், ஆனால் கிளீட் துளைகளும் சேர்ந்து முன்னால் போய்விடும், குதிகாலும் ஆடும். குதிகால் ஆடினால் என்ன செய்வோம்? முன்பட்டையை இறுக்குவோம். பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிடுவோம். பல நிறுவனங்கள் அதே நீளத்தில் அகல வடிவத்தையும் செய்கின்றன. அதைக் கேட்டு வாங்குங்கள். மேலும், ஒவ்வொரு நிறுவனத்தின் அச்சும் வெவ்வேறு. ஒன்றில் 43 போட்டால் மற்றொன்றிலும் 43 என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

புது ஷூ வாங்குமுன் செலவில்லாத சோதனை ஒன்று: அடுத்த ஓட்டத்தில் விரல்களுக்கு அருகிலுள்ள முன்பட்டையைக் கிட்டத்தட்ட அவிழ்த்தே விடுங்கள். ஷூவைக் காலில் பிடித்து வைப்பது குதிகாலின் கிண்ணமும் கணுக்காலை ஒட்டிய மேல்பட்டையும்தான். முன்பட்டைக்கு வேலை மிகக் குறைவு. பெரும்பாலோர் ஷூவின் எல்லாப் பட்டைகளையும் ஒரே அளவு இறுக்குகிறார்கள், சிலர் முன்பட்டையையே அதிகம் இறுக்குகிறார்கள். திருகிச் சுற்றும் குமிழ் உள்ள ஷூ என்றால் புறப்பட்ட இருபதாவது நிமிடத்தில் இரண்டு சொடுக்குத் தளர்த்துங்கள். கால் பருக்கிற நேரம் அதுதான். நாடா ஷூ என்றால் மேற்பாதத்தின் மேடான இடத்தில் ஒரு ஜோடித் துளையை விட்டுவிட்டுக் கோக்கலாம். பெருவிரல் இடுக்கு மரப்பவர்களுக்கு இந்த ஒரு மாற்றமே போதுமானதாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சாக்ஸ் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மெல்லியதாக, விரல் நுனியில் தடித்த தையல் இல்லாததாக இருக்கட்டும். இறுக்கமான ஷூவுக்கு மெத்தென்ற சாக்ஸ் மருந்தல்ல, இருந்த இடத்தையும் அது தின்றுவிடும். நீங்கள் வாங்கிய இன்சோலுக்கும் இதே எச்சரிக்கை. பழைய இன்சோலை எடுக்காமல் அதன் மேலேயே புதியதை வைத்தீர்களா? அப்படியென்றால் மேற்கூரையை நீங்களே ஒரு படி இறக்கியிருக்கிறீர்கள்.

இன்சோலை நான் குறைத்துப் பேசுவதாக எண்ண வேண்டாம். ஷூவில் இடம் இருக்கும்போது அது அருமையான கருவி. பாதத்தின் வளைவு மிதிக்கும்போது சரிந்தால் பாதம் நீண்டு அகலமாகி, சுமை முன்னால் குவியும். வளைவைத் தாங்கிப் பிடிக்கும் இன்சோல் சுமையை உள்ளங்கால் முழுவதும் பகிர்ந்துவிடுகிறது. அதோடு, சொட்டு வடிவில் ஒரு சிறு மெத்தைத் துண்டு கிடைக்கும். அதை ஒட்டுகிற இடத்தில்தான் எல்லோரும் தவறு செய்கிறார்கள். வலிக்கிற எலும்புத் தலைகளுக்கு நேர் அடியில் ஒட்டினால் அழுத்தம் கூடும். தலைகளுக்குச் சற்றுப் பின்னால், குதிகால் பக்கமாக ஒட்ட வேண்டும். அங்கே தூக்கிக் கொடுத்தால் எலும்புகள் விரிந்து நரம்புச் சந்து கொஞ்சம் திறக்கும். முதலில் ஒட்டுநாடாவால் தற்காலிகமாக ஒட்டி வீட்டுக்குள் அரைமணி நேரம் நடந்து பாருங்கள். கல் மிதிப்பதுபோல் இருந்தால் இன்னும் பின்னால் தள்ளுங்கள். பழைய இன்சோலை எறிந்துவிடாதீர்கள், வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். எங்கே கறுத்துக் குழிந்திருக்கிறதோ அங்கேதான் உங்கள் சுமை இறங்குகிறது. விரல் நுனிகளுக்கு நேராகப் பள்ளங்கள் தெரிந்தால் மிதிக்கும்போது விரல்களை மடக்கித் தரையைப் பிராண்டுகிறீர்கள். ஏற்றத்தில் பலருக்கு இந்தப் பழக்கம் உண்டு, தங்களுக்கே தெரியாமல்.

கிளீட்டுக்கு வருவோம். 1984-ல் லுக் நிறுவனம் பூட்டும் பெடலைக் கொண்டுவந்து, அடுத்த ஆண்டு பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ அதில் மிதித்து டூர் டி பிரான்ஸை வென்ற பிறகு, தோல்வாரால் காலைப் பெடலோடு கட்டும் பழைய முறை மெல்ல மறைந்தது. வார் காலை அறுத்த தொல்லை போயிற்று. அதற்குப் பதிலாக, கிளீட் எங்கே நிற்கிறதோ அங்கேயே எல்லாச் சுமையும் என்ற புதிய தொல்லை வந்தது. பெருவிரலின் எலும்புத் தலை நேராகப் பெடல் அச்சின் மேல் இருக்க வேண்டும் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். மரத்துப்போகிறவர்களுக்கு அது நல்ல ஆலோசனை அல்ல. முதல் எலும்புத் தலையும் ஐந்தாம் எலும்புத் தலையும் எங்கே இருக்கின்றன என்று ஷூவின் இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்து ஒட்டுநாடாவில் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது எப்போதும் சற்றுப் பின்னால் இருக்கும். பெடல் அச்சு அந்த இரண்டு குறிகளுக்கும் நடுவில், தேவைப்பட்டால் பின்குறியை ஒட்டி வரட்டும். விரைந்து பாயும் பந்தய வீரருக்கு இதனால் ஏதோ இழப்பு இருக்கலாம். வார இறுதியில் 60 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு நிம்மதியைத் தவிர வேறொன்றும் நேராது. கெண்டைக்காலுக்கும் சுமை குறையும்.

நகர்த்துமுன் கிளீட்டைச் சுற்றி மார்க்கரால் கோடு போடுங்கள். இல்லாவிட்டால் மூன்று முறை நகர்த்தியதில் எது எங்கே இருந்தது என்று தெரியாமல் போகும். உங்களுக்கு அதுதான் நடந்திருக்கும் என்பது என் ஊகம். ஒரு தடவைக்கு இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர், அதன் பிறகு இரண்டு ஓட்டம், அந்த இடைவெளியில் வேறெதையும் தொடக்கூடாது. கிளீட்டைக் குறிப்பிடத்தக்க அளவு பின்னால் தள்ளினால் கால் எட்டும் தூரம் குறையும், இருக்கையை ஓரிரு மில்லிமீட்டர் இறக்க வேண்டிவரும். போல்ட்டை மிகையாக முறுக்கவும் வேண்டாம். மெல்லிய அடித்தளம் உள்ள ஷூக்களில் போல்ட் பிடிக்கும் உள்தகடு மேலே புடைத்துக் காலைக் குத்துவதுண்டு. இன்சோலை எடுத்துவிட்டு உள்ளே விரலால் தடவிப் பாருங்கள்.

இரண்டு போல்ட் போடும் சிறிய கிளீட், வளையும் அடித்தளம், சின்னப் பெடல் என்ற மூன்றும் சேர்ந்தால் ஒரு நாணய அகலத்தில் உடம்பின் சுமை இறங்குகிறது. அடித்தளம் விறைப்பாக இருந்தால் அதே சுமை பரவும். விறைப்பு கூடக்கூட நல்லது என்றும் சொல்லமாட்டேன். கார்பன் அடித்தளத்தின் வளைவு உங்கள் பாதத்தின் வளைவோடு பொருந்தாவிட்டால் அது ஒரு துளியும் விட்டுக்கொடுக்காது.

இருக்கை அதிக உயரத்தில் இருந்தால் கால் எட்டுவதற்காக விரல் நுனியைக் கீழே நீட்டி மிதிப்போம், சுமை முன்பாதத்தில் குவியும். பெடலைக் கீழே கொண்டுவந்து அதன் மேல் குதிகாலை வைத்து உட்காருங்கள். முழங்கால் அப்போதுதான் நேராக வேண்டும். இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தால் உயரம் அதிகம். கவட்டின் உள்நீளத்தை (கவட்டிலிருந்து தரை வரை) 0.883-ஆல் பெருக்கி, பெடல் கைகள் சுழலும் கிராங்க் அச்சின் மையத்திலிருந்து இருக்கையின் மேற்பரப்பு வரை அதை வைக்கும் கணக்கு ஒன்றும் உண்டு. மூன்று முறை டூர் டி பிரான்ஸ் வென்ற கிரெக் லெமாண்டின் பெயரில் அது பரவலானது. 80 சென்டிமீட்டருக்கு 70.6 வரும். தொடக்கப் புள்ளியாக மட்டும் கொள்ளுங்கள்.

இதைவிடப் பலன் தருவது கியர். 200 வாட் ஆற்றலை நிமிடத்துக்கு 90 சுற்றில் கொடுப்பதற்கும் 60 சுற்றில் கொடுப்பதற்கும் வேகம் மாறாது. ஆனால் ஒவ்வொரு மிதியிலும் பெடலைத் தள்ளும் விசை 60 சுற்றில் ஒன்றரை மடங்கு. கனமான கியரில் முக்கி முக்கி மிதிப்பவரின் நரம்புகள் அந்த ஒன்றரை மடங்கைத் தாங்குகின்றன. ஒரு கியர் இலேசாக்குங்கள். ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை எழுந்து நின்று மிதியுங்கள். இறக்கத்தில் மிதிக்காமல் உருளும்போது ஷூவுக்குள் விரல்களை அசையுங்கள். அசைக்க இடமே இல்லை என்றால் மேலே சொன்ன தாள் சோதனைக்குத் திரும்பிப் போங்கள்.

கிளீட் இல்லாமல் சாதாரண ஷூவில் ஓட்டுபவர்களுக்கும் இது வரும். ஓட்டப்பயிற்சி ஷூவின் மெத்தை அடித்தளம் பெடலின் விளிம்பைச் சுற்றி மடங்குகிறது. அகலமான பெடலும் சற்று விறைப்பான அடித்தளமும் இருந்தால் போதும்.

குளிரில் மரப்பது தனிக் கதை. உடல் தன் நடுப்பகுதியைக் காக்க விரல்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடுகிறது. அதனோடு ஷூ அடித்தளத்தின் காற்றுத் துளைகள் வழியாகக் காற்று புகும், உலோகக் கிளீட் வழியாகச் சூடு வெளியேறும். துளைகளை ஒட்டுநாடாவால் அடையுங்கள், ஷூவுக்கு வெளியே உறை போடுங்கள். இரண்டு ஜோடி சாக்ஸை உள்ளே திணிப்பதுதான் பலர் செய்வது. அது ரத்த ஓட்டத்தை நெரித்துக் காலை இன்னும் குளிரவைக்கும். லேசான குளிருக்கே விரல்கள் தாள்போல வெளுத்து, நீலமாகி, சூடேறும்போது சிவக்கின்றன என்றால் அது ரேனோ நிகழ்வாக இருக்கலாம். பிரெஞ்சு மருத்துவர் மோரிஸ் ரேனோ 1862-ல் விவரித்தது. மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம் அது.

எப்போது ஸ்பேனரையும் ஷூவையும் விட்டுவிட்டு மருத்துவரைப் பார்ப்பது? ஓட்டாத நாட்களிலும், குறிப்பாக இரவில் படுத்திருக்கும்போது, இரண்டு பாதமும் மரத்து எரிந்தால். மரப்பு விரல்களிலிருந்து மெல்ல மேலேறிக் காலுறை போட்டதுபோலப் பரவினால். நீரிழிவு, பி12 குறைபாடு, தைராய்டு கோளாறு, மது ஆகியவற்றால் வரும் நரம்புப் பாதிப்பு இப்படித்தான் தொடங்கும். நீண்ட காலம் மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை எடுப்பவர்களுக்கு பி12 குறைவதுண்டு, அசைவமோ பாலோ எடுக்காதவர்களுக்கும் அப்படியே. நாற்பத்தைந்து வயதில் ஒரு ரத்தப் பரிசோதனை வீண்போகாது. ஏற்கெனவே நீரிழிவு இருப்பவர் இறுக்கமான ஷூவோடு சோதனைகள் செய்துகொண்டிருக்கக் கூடாது. உணர்வு குறைந்த காலில் கொப்புளம் வந்தாலும் தெரியாது, அது புண்ணாகிவிடும்.

இடுப்பிலிருந்து பின்தொடை வழியாக வலி இறங்கி, பெருவிரலும் மேற்பாதமும் மரத்தாலோ சுண்டுவிரல் பக்க ஓரம் மரத்தாலோ நரம்பு நசுங்குவது முதுகெலும்பில், ஷூவில் அல்ல. ஒரு கால் மட்டும், கடுமையாக மிதிக்கும்போது மட்டும், தொடையோடு சேர்ந்து வலுவிழந்து மரத்து, நிறுத்திய சில நிமிடங்களில் சரியானால் இடுப்புப் பகுதித் தமனி சுருங்கியிருக்கலாம். பல ஆண்டுகள் தீவிரமாக ஓட்டுபவர்களுக்கு வரும் அரிய சிக்கல் இது. சாதாரணப் பரிசோதனையில் தெரியாமல் போகும் என்பதால் ‘மிதிக்கும்போது மட்டும்’ என்பதை மருத்துவரிடம் அழுத்திச் சொல்ல வேண்டும். பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கினால் அன்றே போங்கள். தொடை இடுக்கு மரத்துச் சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லை என்றால், அல்லது ஒரு பக்கக் கையும் முகமும் சேர்ந்து திடீரென்று மரத்தால், ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது.

உங்கள் அறிகுறிகளில் இவை எதுவும் இல்லை. எனவே இந்த வாரம் தாளில் பாதத்தை வரைந்து பாருங்கள், முன்பட்டையை அவிழ்த்துவிட்டு 40 கிலோமீட்டர் ஓட்டுங்கள். 25-ஐத் தாண்டியும் விரல்கள் விழித்திருந்தால் ஷூவை மாற்றுங்கள், கிளீட்டைத் தொடாதீர்கள். தளர்த்தியும் அதே இடத்தில் மரத்தால்தான் கிளீட்டைப் பின்னால் தள்ளும் வேலை. அதற்கும் அசையாவிட்டால் மெத்தைத் துண்டு. புது ஷூவிலும் மூன்றாம், நான்காம் விரல்கள் ஒரு மாதத்துக்கு மேல் தொடர்ந்து தொல்லை தந்தால் பாத மருத்துவரிடம் காட்டி, மார்ட்டன் நியூரோமாவா என்று கேளுங்கள்.

ட்ரெய்னரில் இன்னும் சீக்கிரம் வருகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். சாலையில் சிக்னல் உண்டு, இறக்கம் உண்டு, பள்ளத்தைக் கண்டால் எழுந்து நிற்பதும் உண்டு. ஒவ்வொன்றிலும் பாதத்துக்குச் சில வினாடி விடுமுறை கிடைக்கிறது. ட்ரெய்னரில் விடுமுறையே இல்லை. எதிர்க்காற்றும் இல்லாததால் கால் சூடேறி வேகமாகப் பருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை நிமிடம் எழுந்து நில்லுங்கள், மின்விசிறியின் காற்று கொஞ்சம் காலுக்கும் படட்டும். இன்னொன்று, ட்ரெய்னரில் முன்சக்கரத்துக்குக் கீழே எதுவும் வைக்காமல் சைக்கிள் முன்பக்கம் தாழ்ந்திருந்தால் உடல் முன்னால் சரியும், கைக்கும் காலுக்கும் சுமை கூடும். ஒரு பலகைத் துண்டை வைத்து மட்டம் பாருங்கள்.